வீரபாகுவின் கையும் ஆறாம் மெஷினும்

சேவூர் வீரபாகு ஒருவனை அடித்தால், அடி விழுந்த பிறகுதான் அடித்த விஷயம் அவனுக்கே தெரியவரும். கேலிக்குச் சொல்வதில்லை இது. மற்ற மனிதர்களுக்குக் கோபம் வரும், முகம் சிவக்கும், வார்த்தை தடிக்கும், கடைசியில்தான் கை கிளம்பும். இவனுக்கு முதலில் கை. மற்றதெல்லாம் பின்னால் சாவகாசமாக வந்து சேரும்.

பள்ளிக்கூடத்தில் பென்சில் கேட்டவனின் பல்லை உடைத்தான். தேர்த் திருவிழாவில் தன் காலை மிதித்தவனைத் தேர்ச் சக்கரத்துப் பக்கமாகவே தள்ளினான். ஜனங்கள் பாய்ந்து இழுத்ததால் அவன் உயிர் பிழைத்தான், இவன் ஜெயிலுக்குப் போகாமல் பிழைத்தான். தொண்ணூறுகளின் நடுவில், கைத்தறிப் பட்டு ரகத்தை எவனோ ஒருவன் விசைத்தறியில் திருட்டுத்தனமாக ஓட்டுகிறான் என்று சேதி வந்தது. கைத்தறிக்காரர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போனார்கள். எல்லோரும் கத்தத்தான் போனார்கள். வீரபாகு மட்டும் மோட்டாரை அணைக்க வந்த விசைத்தறிக்காரனின் தோளெலும்பை இரும்புத் தடியால் முறித்துவிட்டுத் திரும்பினான். ஸ்டேஷனில் லாடம் கட்டினார்கள். வாரக்கணக்கில் தறி மிதிக்க முடியாமல் உள்ளங்கால் வீங்கிக் கிடந்தது. அப்போதும் அவனுக்குக் கோபம்தான் வந்தது, புத்தி வரவில்லை.

அவனைத் தட்டிக் கேட்க ஆரணி வட்டாரத்தில் ஆளே இல்லை என்று தெருவில் சிலர் பெருமை பேசுவார்கள். அறிவு கெட்ட பெருமை. அடி வாங்கிய வீட்டில் போய்ப் பேசிப் பார்த்திருக்க வேண்டும் அதை.

அவனுக்கு வாய்த்த மனைவி தேவிப்ரியா. அவளுடைய அண்ணன் சந்திரமோகன், வீரபாகு வீட்டிலேயே எதிர்த் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். நல்ல கை. வாய் மட்டும் சும்மா இருக்காது. தொண்ணூற்றேழில், கல்யாண சீசனில், வீரபாகு நெய்துகொண்டிருந்த முந்தானையை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா மாப்ள, நேத்து மயிலா இருந்துச்சு, இன்னிக்கு அத காக்கா ஆக்கிட்டியா?" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஒரு மச்சான் மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடிய பேச்சுதானே. வீரபாகுவின் கையில் நாடா இருந்தது. ஊடு நூலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோகும் கட்டை அது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் வைத்திருக்கும். அது பறந்து போய்ச் சந்திரமோகனின் இடது கண்ணில் இறங்கியது. மஞ்சள் பாவு முழுக்க ரத்தம் தெறித்தது. சந்திரமோகன் அலறவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு, "மாப்ள, கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டான். அப்போதுதான் வீரபாகு தன் கையைப் பார்த்தான். நாடா அதில் இல்லை.

போலீஸ் வந்தது. நாடா தறியிலிருந்து தானாகத் துள்ளி வந்து குத்திவிட்டது என்று சந்திரமோகன் எழுதிக் கொடுத்தான். தங்கச்சி பிழைப்பு கெடக் கூடாதே. ஆனால் தங்கச்சிக்குத் தெரியாதா? பிறந்து சில மாதமே ஆன மகள் தீபாவைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள் தேவிப்ரியா. ஒரு வருஷத்துக்கு மேல் அவன் போய் வாசலில் நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான். கடைசியில் முருகன் சந்நிதியில் எரிகிற கற்பூரத்தை வலது உள்ளங்கையில் வைத்து மூடி அணைத்துச் சத்தியம் செய்தான். தோல் கருகிய வாசனை அடித்தது. உள்ளங்கை நடுவில் காசு அகலத்துக்கு ஒரு தழும்பு நிலைத்துவிட்டது.

தேவிப்ரியா அதையெல்லாம் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை. "உங்க கோவத்தோட நான் இருந்துடுவேன். உங்க கையோட இருக்க முடியாது," என்றாள். "இனிமே ஒரு தபா, யாரா இருந்தாலும் சரி, யார் மேலயாவது கைய வெச்சீங்கன்னா கொழந்தயத் தூக்கிகினு போயிடுவேன். அதுக்கப்பால இந்த ஜென்மத்துல அவ உங்களுக்கு இல்ல."

அவன் தலையை ஆட்டினான். அவள் சொன்னால் செய்கிறவள் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு கண்ணோடு சரிகை இழை பார்த்து நெய்ய முடியுமா? சந்திரமோகன் தறியை விட்டுவிட்டு வேலூருக்குப் போய்க் கம்ப்யூட்டர் பிரித்துப் பூட்டுகிற வேலையைக் கற்றுக்கொண்டான். அதற்கு ஒரு கண் போதும். இரண்டாயிரத்து ஒன்றில் அங்கிருந்து பழைய மெஷின்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீரபாகு வீட்டு வாசலில் இறக்கினான். "கீழ் ரூம்ல தறிய எடுத்துடு. எட்டு மெஷின் போடலாம். பசங்க வந்து வெளையாடுவானுங்க," என்றான்.

"எனக்கு ஏன் மச்சான் இதெல்லாம் செய்யற?" என்று வீரபாகு கேட்டான்.

"ஒனக்கு எவன் செய்யறான்? என் தங்கச்சி இங்க இருக்கா," என்றான் சந்திரமோகன்.

அப்படித்தான் சேவூர் ரோட்டில் 'வேலவன் நெட் கேம்ஸ்' என்று ஒரு போர்டு ஏறியது. கீழே கடை, மாடியில் குடித்தனம். எட்டு மெஷினும் நடுவில் ஹப் என்கிற ஒரு சின்னப் பெட்டியில் வந்து சேரும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நீலக் கேபிள். பையன்கள் மொய்த்தது ஒரே விளையாட்டுக்குத்தான். மரம் வெட்ட ஆள் போட்டு, வயல் போட்டு, பட்டறை கட்டி, வாள்காரனும் குதிரைக்காரனும் யானையுமாகப் படை திரட்டி, எதிரியின் ஊரைத் தரைமட்டமாக்க வேண்டும். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஆடலாம், நாலுக்கு நாலு.

வீரபாகு முதலில் வேடிக்கை பார்த்தான். அப்புறம் ஒரு மெஷினில் உட்கார்ந்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தன் யானை எதிரியின் ஆட்களை வரிசையாக மிதித்துக்கொண்டு போவதைப் பார்க்கும்போது அவன் தோள்பட்டை தளர்ந்து இறங்கும், பெருமூச்சு வரும். கிராமம் கிராமமாகக் கொளுத்தினான். சரணடைந்து ஓடுகிற விறகுவெட்டியைக்கூட விடமாட்டான். குதிரையை விட்டுத் துரத்திக் குத்துவான். தேவிப்ரியா மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, "அந்தக் கை மவுசு மேல இருக்கற வரைக்கும் எவன் கன்னத்துலயும் இருக்காது," என்று அண்ணனிடம் சொன்னாள். அவள் கணக்கு தப்பவில்லை. வருஷங்கள் ஓடின, அவன் ஒருவன்மேல் கை வைக்கவில்லை. தீபாவுக்கு ஆறு வயதாகி, ஏழும் ஆயிற்று. அப்பா அடிதடிக்காரன் என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

அந்த விளையாட்டு எப்படி ஓடுகிறது என்று ஒருநாள் சந்திரமோகன்தான் அவனுக்கு விளக்கினான்.

"மாப்ள, நீ யானயப் போன்னு சொன்ன ஒடனே அது கெளம்பறதில்ல, தெரியுமா?"

"ஏன், என் யானதான?"

"ஒன் யானதான். ஆனா நீ சொன்ன சொல்லு மொதல்ல எட்டு மெஷினுக்கும் போய்ச் சேரணும். எல்லாருக்கும் சேந்தப்பறம்தான் எட்டுலயும் ஒரே நேரத்துல யான காலத் தூக்கும். ஒயர்ல யானயும் போவல, குதுரயும் போவல. சொல்லு மட்டும்தான் போவுது. சண்டய அவங்கவங்க மெஷின் தனித்தனியா போட்டுகினு இருக்குது."

வீரபாகு யோசித்தான். "தனித்தனியா போட்டா, என்னுதுல நான் ஜெயிச்சு அவனுதுல அவன் ஜெயிச்சிட்டா?"

"அதான் ஆவாது. ஓட்ட போட்ட டிசைன் அட்ட, ஒரே மாதிரி எட்டு தறியில மாட்டினா எட்டுலயும் ஒரே பூதான விழும்? அது மாதிரி. ஒரு தறியில ஒரு ஓட்ட அடைஞ்சிருந்தா அங்கிருந்து பூ மாறிப்பூடும் இல்ல? அப்ப கேம் கண்டுபுடிச்சிடும். கணக்கு ஒத்து வரலன்னு சண்டய அங்கயே கலைச்சிடும். அதே மாதிரி ஒரு மெஷின் மந்தமா இருந்தாலும் மீதி ஏழும் அதுக்காக நிக்கும். யாருக்காக நிக்குதுன்னு ஸ்கிரீன்ல பேரு போடும்."

சொல்லுக்கும் அடிக்கும் நடுவில் எல்லோருக்காகவும் ஒரு கணம் காத்திருக்கிற ஏற்பாடு. கண்ணிமைக்கும் நேரம்தான். ஆண்டவன் அந்த ஒரு கணத்தை வீரபாகுவின் கையில் வைக்க மறந்துவிட்டான். சந்திரமோகன் கண் இல்லாத பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கள்ளத்தனத்துக்கும் வழி இருந்தது. தோற்கப் போகிறவன் மேஜைக்கடியில் காலை விட்டுக் கேபிளைத் தட்டிவிடுவான். சண்டை நின்றுவிடும், தோல்வி கணக்கில் ஏறாது. 'கேபிள் புடுங்கி' என்பதைவிடக் கேவலமான வசவு அந்தக் கடையில் இல்லை. அப்பனைத் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வான்கள், இதைப் பொறுக்க மாட்டான்கள். கேபிளைப் புடுங்கியவன் கடைப்படி ஏறக் கூடாது என்பது வீரபாகுவின் சட்டம்.

களம்பூரிலிருந்து ஒரு கூட்டம் பஸ் ஏறி வந்து ஆடும். அவர்களுக்குத் தலைவன் தீனா. அரிசி மில்லில் நெல் மூட்டை இறக்குகிறவன். தோள் இரண்டும் பாறை மாதிரி இருக்கும், பேச்சு மட்டும் பூனை மாதிரி. வாயைத் திறந்தால் 'அண்ணா' என்றுதான் ஆரம்பிப்பான். ஆனால் ஆட்டத்தில் எமன். சேவூர்க்காரர்களின் கோட்டையை அவன் எத்தனை முறை கொளுத்தியிருப்பான் என்று அவர்களுக்கே நினைவில்லை. இரண்டாயிரத்து நாலாம் வருஷம், சேவூரா களம்பூரா என்று ஒரே ஆட்டத்தில் பார்த்துவிடலாம் என்று பேசி முடித்தார்கள். நாள், விஜயதசமி காலை. அன்றைக்குத் தொடங்கினால் எதுவும் ஜெயிக்கும் என்பது வீரபாகுவின் நம்பிக்கை. அன்றைக்கே தொடங்கினால் எதிராளிக்கும் அதே நாள்தான் என்பதை அவன் யோசிக்கவில்லை.

முதல் நாள் ஆயுத பூஜை. தறிக்காரன் வீட்டில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? கட்டை, கயிறு, மிதி, மூட்டுக்கு மூட்டு சந்தனமும் குங்குமமும் ஏறும். வீரபாகு எட்டு மெஷினையும் துடைத்து, மாவிலை கட்டி, பொட்டு வைத்தான். தீபா தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். வெளியில் மட்டும் பொட்டு வை, உள்ளே எதையும் தொடாதே என்று சந்திரமோகன் போன வருஷமே சொல்லியிருந்தான். ஆனால் வீரபாகுவுக்கு மனசு கேட்கவில்லை. வெளியே வைத்தால் அது பெட்டிக்கு வைத்த பொட்டு. மெஷினுக்கு எங்கே பொட்டு? தறிக்கு வெளிச்சுவரிலா பொட்டு வைக்கிறோம்?

ஆறாம் நம்பர் மெஷின்தான் அவனுக்கு உசத்தி. ஆறுமுகன் நம்பர். வாங்கியதிலேயே வேகமானதும் அதுதான். அதன் பக்கத்தகட்டைக் கழற்றினான். உள்ளே வெள்ளிக் கட்டி மாதிரி ஒன்று இருந்தது, அதற்கு விபூதிப் பட்டை அடித்தான். அதன்மேல் சின்ன காற்றாடி ஒன்று. அதன் இறக்கை ஒவ்வொன்றுக்கும் கெட்டிச் சந்தனத்தில் பொட்டு வைத்தான். "நான் குங்குமம் வெக்கறம்பா," என்றாள் தீபா. அவளுடைய சின்ன விரல் இறக்கைகளுக்கு நடுவில் சுலபமாகப் போயிற்று. அப்பாவும் மகளும் தகட்டை மூடிக் கற்பூரம் காட்டினார்கள். அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு. யாரும் மெஷினைப் போடவில்லை. ராத்திரி முழுக்கச் சந்தனம் உள்ளே காய்ந்து இறுகியது.

காலையில் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வாசல்வரை நின்றார்கள். மாடியில் தேவிப்ரியா சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். பண்டிகைக்கு வந்த சந்திரமோகனும் மாடியில்தான் இருந்தான். வீரபாகு தீனாவின் தோளில் கை போட்டு, "நீ விருந்தாளி. மூலவர் மெஷின்ல ஒக்காரு," என்று ஆறாம் மெஷினைக் காட்டினான்.

"வேணாண்ணா, அது ஒங்குளுது."

"ஒக்காருடான்னா."

மனசாரத்தான் கொடுத்தான். அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

ஆட்டம் முதலில் நன்றாகத்தான் போயிற்று. பிறகு திக்கத் தொடங்கியது. யானை காலைத் தூக்கியபடியே நின்றது. வில்லிலிருந்து கிளம்பிய அம்பு நடுவானத்தில் தொங்கியது. எட்டுத் திரையின் மூலையிலும் ஒரே பேர் வந்து மின்னியது: தீனா. மற்ற ஏழு பேரும் தீனாவுக்காகக் காத்திருந்தார்கள். கொஞ்சம் ஓடும், நிற்கும். மறுபடியும் தீனா.

"இன்னாடா இழுக்கற?" என்று வீரபாகு திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"நான் ஒண்ணியும் பண்ணலண்ணா. மெஷின்தான் இழுக்குது."

"மூலவர் மெஷின் இழுக்குதாம்," என்று வீரபாகுவுக்குப் பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் இளஞ்செழியன் சிரித்தான். "கேபிள் புடுங்கறதுக்கு ஒத்திகை பாக்கறான்."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். வீரபாகு சிரிக்கவில்லை. களம்பூர்க்காரர்களின் வெளிமதில் விழுந்துவிட்டது. அவனுடைய யானைகள் உள்ளே புகுந்து வீட்டையும் ஆளையும் நசுக்கிக்கொண்டு போயின. வருஷக்கணக்காகத் தன் கோட்டையைக் கொளுத்தியவனின் கோட்டை கண்ணெதிரே, ஒரே ஒரு சுவர் பாக்கி. அவன் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு நின்றது. யானைக்குக் கட்டளை கொடுத்தான். திரை நின்றது. மூலையில் தீனாவின் பேர். காத்திருந்தான். பேர் போகவில்லை. பிறகு எட்டுத் திரையும் ஒரே நேரத்தில் இருண்டு, கணக்கு ஒத்துவரவில்லை, ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வந்தது. கோட்டையும் இல்லை, யானையும் இல்லை.

"புடுங்கிட்டாண்டா," என்றான் இளஞ்செழியன்.

வீரபாகுவுக்கு அடுத்து நினைவுக்கு வருவது சத்தம்தான். கற்பூரம் சுட்ட அந்த உள்ளங்கை தீனாவின் இடது காதில் முழுசாக விழுந்த சத்தம். தீனா நாற்காலியோடு சாய்ந்தான். சாயும்போது இரும்பு மேஜையின் விளிம்பு புருவத்தைக் கிழித்தது. அதோடு விட்டானா, பாவி? கீபோர்டைக் கேபிளோடு பிய்த்தெடுத்து அவன் தலையிலேயே போட்டான். எழுத்துக் கட்டைகள் தெறித்துச் சுவரெல்லாம் சிதறின. "அண்ணா, நான் இல்லண்ணா," என்று தீனா கையைத் தூக்கினான். அந்தக் கையிலேயே மிதித்தான். மூட்டை தூக்குகிற உடம்பு. அவன் நினைத்திருந்தால் வீரபாகுவை மடக்கிப் போட்டிருப்பான். அண்ணன் என்று கூப்பிட்ட வாய்க்காகக் கையை ஓங்கவில்லை. காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக் கழுத்துப் பட்டையை நனைத்தது.

களம்பூர்க்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார்களா? ஒருவன் ஸ்டூலைத் தூக்கி இளஞ்செழியனின் முதுகில் இறக்கினான். இன்னொருவன் வீரபாகுவின் கழுத்தில் நீலக் கேபிளைப் போட்டு இறுக்கினான். வாசலில் நின்றவர்கள் உள்ளே புகுந்தார்கள். மானிட்டர் ஒன்று விழுந்து வெடித்தது. யார் பல்லோ தரையில் கிடந்தது. கடைசியில் களம்பூர்க்காரர்கள் தீனாவைத் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். போகிற போக்கில் போர்டின்மேல் கல் விழுந்து கண்ணாடி நொறுங்கியது. எல்லாம் ஓய்ந்த பிறகுதான் வீரபாகு திரும்பிப் பார்த்தான். மாடிப்படியின் கடைசிப் படியில், சுண்டல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு தீபா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

அவளுக்குப் பின்னால் தேவிப்ரியா இறங்கி வந்தாள். கூச்சல் கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் துணிப்பை. குழந்தையின் ரெண்டு கவுன் அதற்கு வெளியே தொங்கியது. கண் கலங்கவில்லை, முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"பிரியா, கேளு. அவன் ஏமாத்திட்டான்," என்றான் வீரபாகு.

அக்கம்பக்கமும் கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பச்சையம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "அந்தப் பையன் பண்ணதும் தப்புதாம்மா. இவ்ளோ பேரு பாத்துகினு இருந்தாங்க. விருந்தாளின்னு ஒக்கார வெச்ச எடத்துலயே ஏமாத்தினா எவனுக்குத்தான் கோவம் வராது? நல்ல நாளும் அதுவுமா வூட்ட வுட்டு எறங்காதம்மா."

"ஆமாக்கா, கேபிளப் புடுங்கினான். நான் சாட்சி," என்றான் முதுகைப் பிடித்துக்கொண்டே இளஞ்செழியன்.

யாராக இருந்தாலும் சரி என்றுதான் அன்றைக்கு அவள் நிபந்தனை போட்டாள். ஆனால் நடுவில் இத்தனை நல்ல வருஷம் வாழ்ந்துவிட்டாளே. மகளுக்கு ஜடை பின்னக் கற்றுக்கொண்ட புருஷனைப் பார்த்தவள். போகாமல் இருக்க ஒரு காரணம், ஒரே ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. பையைப் படியில் வைத்தாள். அண்ணனைப் பார்த்தாள். "அண்ணா, நெஜமா சொல்லு. அந்தப் பையன் ஏமாத்தினானா?"

சந்திரமோகன் அதற்குள் மாடியிலிருந்து இறங்கி ஆறாம் மெஷினிடம் போயிருந்தான். கேபிள் பின்னால் ஒழுங்காக, இறுக்கமாகச் செருகித்தான் இருந்தது. பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தான், சுட்டது. குனிந்து மோந்தான். உள்ளேயிருந்து சந்தனம் கருகுகிற வாசனை வந்தது. அவன் நிமிர்ந்து, இருக்கிற ஒரு கண்ணால் வீரபாகுவைப் பார்த்தான்.

"அப்பறமா பாத்துக்கலாம்," என்றான். "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவலாம் வா, மாப்ள."

வீரபாகுவுக்கு எங்கே பொறுமை? மனைவி பையைக் கீழே வைத்ததை அவன் பார்த்துவிட்டான். இப்போது ஒரு சாட்சி காட்டினால் போதும், அவள் நின்றுவிடுவாள்.

"இப்பவே பாக்கணும். தெற மச்சான். எல்லார் முன்னாலயும் தெற. அவன் இன்னா பண்ணி வெச்சிருக்கான்னு எம் பொண்டாட்டி பாக்கட்டும்."

"வேணாம் மாப்ள. சொன்னா கேளு."

"நீ தெறக்கறியா, நான் தெறக்கட்டுமா?"

சந்திரமோகன் அசையவில்லை. வீரபாகு அவனை ஒதுக்கிவிட்டுத் தானே பக்கத்தகட்டைப் பிடுங்கி எறிந்தான்.

மெஷினின் சூட்டை ஆற்றுகிற காற்றாடி சுற்றவில்லை. இறக்கைகளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் சந்தனம் காய்ந்து கல்லாக அடைத்திருந்தது. அதன்மேல் குங்குமம் பொரிந்து கறுத்திருந்தது. வெள்ளிக் கட்டியின்மேல் மூன்று விரல் அகலத்துக்கு விபூதிப் பட்டை, அழியாமல், அவன் விரல் பதிந்தபடியே இருந்தது. சூடு ஏற ஏற மெஷின் மந்தமாகிப்போய், கடைசியில் கணக்கே தப்பாகப் போட்டிருக்கிறது. மற்ற ஏழிலும் ஒரு சண்டை, இதில் வேறு சண்டை. யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இளஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டான். பச்சையம்மாள் தேவிப்ரியாவின் கையை விட்டுவிட்டாள்.

தீபா எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த ஒன்று அங்கே இருந்தது. சுண்டல் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு விரலை நீட்டினாள்.

"அப்பா, இது நான் வெச்ச குங்குமம்."

வீரபாகு அவள் பக்கம் திரும்பினான். ஒன்றும் செய்யத் திரும்பவில்லை. கட்டிக்கொண்டு அழத்தான் திரும்பினான், காலில்கூட விழுந்திருப்பான். இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டினான். வலது கையில் தீனாவின் ரத்தம் இன்னும் ஈரமாக இருந்தது.

தீபா ஓர் அடி பின்னால் போனாள். நீட்டிய கையையே பார்த்தபடி, தன் இரண்டு காதையும் உள்ளங்கையால் இறுக்கப் பொத்திக்கொண்டாள்.

"இனிமே வெக்க மாட்டம்பா," என்றாள்.

தேவிப்ரியா பையை எடுத்துக்கொண்டாள். மகளின் கையைக் காதிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்து, தன் கையில் பிடித்துக்கொண்டாள். "ஒன்ன யாரும் அடிக்க மாட்டாங்கடா. வா, போலாம்," என்றாள். சந்திரமோகன் வாசலில் கிடந்த போர்டுக் கண்ணாடியைக் காலால் ஒதுக்கி வழி செய்து கொடுத்தான்.